நின்ற புயல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் தாய்மாமா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கடலூரில் தென்பெண்ணைக் கரைப் பக்கம் வீடு. 2024 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதிலிருந்து ஒரே பேச்சுதான். ஃபெஞ்சல் இயற்கைப் புயலே இல்லையாம். அலாஸ்காவில் இருக்கும் ‘ஹார்ப்’ (HAARP) என்ற ரேடியோ அலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அலை அனுப்பிப் புதுச்சேரிக்கு மேலே நிறுத்தி வைத்தார்களாம். “புயல்னா கரையேறிப் போய்க்கிட்டே இருக்கணும், அது எப்படி ஒரே இடத்துல நிக்கும்?” என்று கேட்கிறார். நான் அனுப்பும் விளக்கங்களைப் படித்துவிட்டு, “இதையும் அவனுங்கதான் எழுதறானுங்க” என்கிறார். முட்டாள் இல்லை, எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். படித்தவர் ஏன் இப்படி ஆகிறார்? பேசிப் பயனுண்டா, விட்டுவிடலாமா?

ச.,
மஞ்சக்குப்பம்

அன்புள்ள ச.,

உங்கள் மாமா கேட்டது நல்ல கேள்வி. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். புயல் நின்றது உண்மை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் பல மணி நேரம் ஏறக்குறைய அங்கேயே கிடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஒரு வருட மழையில் மூன்றில் ஒரு பங்கு அது. புயல் தானாக நடப்பதில்லை, உயரத்தில் வீசும் காற்று தள்ளுகிற திசையில்தான் போகும். சுற்றியுள்ள உயர் அழுத்தப் பகுதிகள் ஆளுக்கொரு பக்கம் தள்ளி, தள்ளுவிசை தணிந்துபோனால் நின்றுவிடும். நின்றதைக் கவனித்தவர் உங்கள் மாமா. ஏன் நின்றது என்பதில்தான் வழுக்கினார்.

அவர் மின்நிலையத்து ஆள் என்பதால் இந்தக் கணக்கை அவரிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். 45 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 450 லிட்டர். நீராவி குளிர்ந்து ஒரு லிட்டர் நீராகும்போது சுமார் 0.7 யூனிட் வெப்பம் வெளிப்படும். சதுர மீட்டருக்கு 315 யூனிட், சதுர கிலோமீட்டருக்கு 31.5 கோடி யூனிட். ஹார்ப் நிலையத்தின் அலைபரப்பித் திறன் 3.6 மெகாவாட். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினால் வருடத்துக்கு 3.15 கோடி யூனிட். ஒரு சதுர கிலோமீட்டர் மழைக்கே பத்து வருடம். புதுச்சேரிப் பகுதி சுமார் 290 சதுர கிலோமீட்டர், முழுக்க அதே மழை என்று வைத்தால் 2,900 வருடம். நெய்வேலியின் 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று, ஹார்ப்பைப் போல 58 மடங்கு. அதுவே ஒரு சதுர கிலோமீட்டர் மழைக்கு இரண்டு மாதம் ஓட வேண்டும்.

உடனே ஒரு பதில் வரும், தயாராக இருங்கள்: “தீக்குச்சி சின்னதுதான், காடே எரியலையா?” கெட்டிக்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தீக்குச்சி சருகைத் தொட்டால்தான் பற்றும். ஹார்ப் அனுப்புவது 2.7 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை, வானொலியில் இலங்கை ஒலிபரப்பைக் கேட்டோமே, அந்த இனம். மேகமும் நீராவியும் அதைப் பிடித்து வைப்பதில்லை, ஊடுருவிப் போய்விடுகிறது. அது சூடாக்குவது நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும், மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தை. மழைக்கான கூத்தெல்லாம் கீழே பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

படித்தவர் ஏன் இப்படி என்றால், கணக்குத் தெரிந்தவருக்குக் கணக்குக் காட்டவும் தெரியும். வந்து சேர்ந்த முடிவுக்கு முட்டுக் கொடுப்பதில் படிப்பு கைகொடுக்கும். ஆனால் அந்த முடிவுக்கு ஏன் வந்தார் என்பது வேறு விஷயம். 1979-ல் மெக்காலி, ஜாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஜனாதிபதியை ஒருவன் சுட்டான் என்ற கதையைச் சிலரிடம் குண்டு பட்டு இறந்ததாகவும், சிலரிடம் குறி தப்பியதாகவும் சொன்னார்கள். சுட்டவனும் துப்பாக்கியும் அதேதான். இறந்தார் என்று கேட்டவர்களே பின்னால் சதி இருப்பதாக அதிகம் நினைத்தார்கள். விளைவு பெரிதானால் காரணமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், அதற்குக் காரணம் ‘மேல்காற்று மந்தம்’ என்றால் யாருக்குத் தொண்டையில் இறங்கும்?

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கடலூர்க் கரையோரத்தை மூழ்கடித்தது புயல் மட்டுமல்ல. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். முன்னறிவிப்பு போதுமா என்று அப்போதே அரசியல் சண்டை நடந்தது. எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், எந்த ஊருக்கு எப்போது தகவல் போனது, முதல் நாளே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க முடியுமா? ஒரு தகவல் உரிமை மனுவில் அடங்குகிற கேள்விகள். அலாஸ்காவைத் திட்டிக்கொண்டிருந்தால் இங்கே யாரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகமே தப்பு என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கடலூர்க்காரரிடம் அது எடுபடாது, எடுபடவும் கூடாது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாற்றம், தலைவலி என்று சொன்னபோது அதையும் கற்பனை என்று தள்ளியவர்கள் உண்டு. 2004-ல் ஊர்க்காரர்களே காற்றைப் பிடித்தார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்தான். மூடிய பக்கெட்டுக்குள் டெட்லர் என்ற சிறப்புப் பிளாஸ்டிக் பை, அதன் வாய் மட்டும் வெளியே. சிறிய பம்பால் பக்கெட்டின் உள்காற்றை உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து வெளிக்காற்று பைக்குள் நிரம்பும். நாற்றம் வந்த நேரம், காற்றடித்த திசை, இடம் மூன்றையும் எழுதி, பையை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்படப் பல வேதிப்பொருட்கள் தெரியவந்தன.

அந்தப் பையில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்திருக்கவும் கூடும். தெரிந்தேதான் அனுப்பினார்கள். உங்கள் மாமாவின் ஹார்ப்புக்கு அப்படி ஒரு பை கிடையாது. ஆதாரம் கிடைத்தால் ஆதாரம், கிடைக்காவிட்டால் மறைத்துவிட்டார்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எது நடந்தால் நீங்க நினைச்சது தப்புன்னு ஒத்துக்குவீங்க?” அடுத்த புயலுக்கு முன்பே கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்குங்கள். எந்தப் புயல் செய்யப்பட்டது, எது தானாக வந்தது என்று சேதமான பிறகுதான் பிரித்துச் சொல்ல முடியும் என்றால், அது அவர் கண்ணிலேயே உறுத்தும்.

பேசிப் பயனுண்டா என்றீர்கள். ஆதாரம் காட்டினால் பிடிவாதம் இன்னும் இறுகும் என்று 2010-ல் ஓர் ஆய்வு சொல்லி, அதைப் பலரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பத்தாயிரம் பேருக்கு மேல், 52 விஷயங்களில் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. 2024-ல் இன்னொன்று: சதியை நம்புகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் காரணத்தை எழுதி வாங்கி, அந்தக் காரணத்துக்கே நேராக ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் விவரமாகப் பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. ஆக, நீங்கள் அனுப்பும் இணைப்புகள் வேலை செய்யாததற்குக் காரணம் உண்மைக்கு மதிப்பில்லாமல் போனதல்ல. அவை மாமா கேட்ட கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டவை அல்ல. ‘ஹார்ப் வதந்தி’ என்ற தலைப்பில் வந்த எதுவும் ‘புயல் ஏன் நின்றது’ என்று சொல்லியிருக்காது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசாதீர்கள். அங்கே மச்சான், மருமகன் எல்லோரும் பார்க்கிறார்கள், அவர் இறங்கி வர வழியில்லை. திண்ணையில் தனியாக, ஒரே ஒரு விஷயம். “சரி அதை விடு, சுனாமி?” என்று தாவுவார். ஒரு தாளில் ‘சுனாமி – பிறகு’ என்று எழுதிவிட்டுப் புயலுக்கே திரும்புங்கள். எதிர்வாதம் செய்வதற்கு முன், அலை எப்படிப் புயலை நிறுத்துகிறது என்று படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள். ரோசன்பிளிட், கீல் இருவரும் 2002-ல் இதைத்தான் ஜிப், பூட்டு, கழிப்பறைத் தொட்டி போன்றவற்றை வைத்துச் செய்தார்கள். தெரியும் என்றவர்களை விளக்கி எழுதச் சொன்னதும், தங்களுக்குத் தெரிந்ததற்குத் தாங்களே போட்ட மதிப்பெண் இறங்கியது. அவர் தடுமாறும் இடத்தில் சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு. அன்றே தோற்றேன் என்று சொல்ல வைக்கவும் பார்க்காதீர்கள், பேச்சை மாற்றி விடுங்கள்.

மழைக்கு முன் அவருக்கு ஒரு மழைமானி செய்து கொடுங்கள். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக உள்ளே செருகினால் போதும். அடிப்பாகம் வளைந்திருப்பதால், நேர்ப்பக்கம் தொடங்கும் இடம்வரை முதலில் தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்ஜியம் குறியுங்கள், அங்கிருந்து மில்லிமீட்டர் அளவு ஒட்டுங்கள். பல பேர் இந்தப் பூஜ்ஜியத்தில்தான் கோட்டை விடுவார்கள். சுவரும் மரமும் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள், காற்றில் சாயாமல் செங்கல் அண்டக்கொடுங்கள். வானிலை மையத்தின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. அதே நேரத்தில் அளந்து எழுதினால் செய்தியில் வரும் அளவோடு அவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முப்பது வருடம் லாக் புக் எழுதிய கை, ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டார்.