படையில் யாருக்கு இடம்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ராணுவத்தின் எல்லாப் பிரிவுகளையும் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. என் அண்ணன் காலாட்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். "ராணுவம் இருப்பது போரில் ஜெயிக்க, எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுக்க இல்லை" என்பார். கண் பார்வை குறைந்தவரைத் திருப்பி அனுப்பினால் யாரும் பாகுபாடு என்று சொல்வதில்லையே? தகுதியைத் தளர்த்தினால் உயிர்தானே போகும்? பக்கத்தில் நிற்பவர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு ஜவான் எப்படிச் சண்டை போடுவான்?

இதை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. அண்ணன் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதியே தீருவேன் என்கிறாள். அண்ணன் கூடாது என்கிறார். வீட்டில் தினமும் சண்டை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். படையில் இடம் கிடைப்பது யாருடைய பிறப்புரிமையும் இல்லை. பார்வை போதவில்லை, ஓட முடியவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அதில் அநியாயம் எதுவுமில்லை. ஆனால் அவரைச் சோதித்துப் பார்த்த பிறகு அனுப்புகிறார்கள். சோதித்தே பார்க்காமல் வாசலில் நிறுத்தப்படுகிறவர்களைப் பற்றித்தான் நான் எழுதினேன்.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். வெளியே பெரும்பாலான பள்ளிகள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அவருடைய மஹர் சாதிக் குழந்தைகளை உள்ளே விடாத காலத்தில் பட்டாளம் தன் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு கொடுத்தது. சம்பளம், ஓய்வூதியம், சீருடை, இவற்றோடு படிப்பும். 1818-ல் புனே அருகே கோரேகாவில் நடந்த போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் நின்று உயிர்விட்ட மஹர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுத்தூணில் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு 1890-களின் தொடக்கத்தில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அவர்கள் எந்தச் சோதனையிலும் தோற்கவில்லை. சில இனங்களுக்குத்தான் போர்க்குணம் உண்டு என்ற கொள்கை அப்போது மேலிடத்தில் வேரூன்றியிருந்தது. மேல்சாதிச் சிப்பாய்கள் இவர்களோடு சேர்ந்திருக்க மாட்டார்கள் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. முன்னாள் சிப்பாயான கோபால் பாபா வலங்கர் 1894-ல் மனு எழுதினார். பலன் இல்லை. ஒரு வேலை போனதோடு அது முடியவில்லை. அடுத்த தலைமுறையின் பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. ராம்ஜி சில ஆண்டுகள் தாமதமாகப் பிறந்திருந்தால் அவர் மகன் என்ன படித்திருப்பார் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

தென்னிந்தியர்களுக்கும் இதே முத்திரை குத்தப்பட்டது. மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட்ஸ், இங்குள்ளவர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற எண்ணம் கொண்டவர். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்தது, ஆள் போதவில்லை. 1941-ல் மஹர் ரெஜிமென்ட் எழுப்பப்பட்டது. மதராஸ் ரெஜிமென்ட்டும் திரும்ப வந்தது. தேவை வந்ததும் போர்க்குணம் எங்கிருந்து வந்தது? அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது.

பக்கத்தில் நிற்பவரை நம்ப முடியுமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்வியைக் கேட்டுத்தான் அமெரிக்க ராணுவம் கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவுகளில் வைத்திருந்தது. 1948-ல் அதிபர் ட்ரூமன் படையில் இனப் பாகுபாடு கூடாது என்று உத்தரவு போட்ட பிறகும் தளபதிகள் இழுத்தடித்தார்கள். கொரியப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் களத்திலேயே கலக்க வேண்டியதாயிற்று. ராணுவம் கேட்டு நடத்தப்பட்ட ஆய்வு, கலந்த பிரிவுகளின் போர்த்திறன் குறையவில்லை என்றது. ஓரினச் சேர்க்கையாளர்கள் இருந்தால் படையின் மன உறுதி குலைந்துவிடும் என்று பிரிட்டன் அரசு சொல்லிவந்தது. 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2000 ஜனவரியில் தடை நீங்கியது, ஒன்றும் குலையவில்லை. ஒரே பதுங்குகுழியில் இருந்து, ஒரே பயிற்சியில் விழுந்து எழுந்த பிறகு வருவது அந்த நம்பிக்கை. முதல் நாளே அதை எதிர்பார்த்தால் எந்தப் புதியவருக்கும் கிடைக்காது.

நம் நாட்டிலும் இதே வாதம் வந்தது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணியில் இருக்கும் நியமனம், தொடர்பான வழக்கில், கிராமப்புறங்களிலிருந்து வரும் ஜவான்கள் பெண்ணின் ஆணையை ஏற்க மனதளவில் தயாராக இல்லை என்று அரசு வாதிட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. எனக்கு அந்த வாதம் ஜவான்களுக்கும் சேர்த்து அவமானம் என்றே படுகிறது. ஆணைக்குக் கீழ்ப்படிவதுதானே அவர்கள் தொழிலின் அடிப்படை?

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு, ஆண்களுக்குள்ள அதே மருத்துவத் தகுதிதான் பெண்களுக்கும் என்றது ராணுவம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்கள் நிரந்தர கமிஷனுக்குப் பரிசீலிக்கப்படுவது ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ, இளம் வயதில். இந்தப் பெண்கள் அந்த வயதில் கேட்டபோது கதவு மூடியிருந்தது. இப்போது நாற்பதைத் தாண்டியவர்களிடம் அந்த இளைஞனின் உடம்பைக் கேட்டார்கள். அவர்கள் வேலையை மதிப்பிட்டு ஆண்டுதோறும் எழுதப்பட்ட அறிக்கைகளும் அப்படித்தான்: இவர்களுக்கு எப்படியும் நிரந்தர கமிஷன் கிடையாது என்ற நினைப்பில் மேலதிகாரிகள் ஏனோதானோவென்று எழுதியவை. அவற்றையே வைத்து மதிப்பெண் போட்டார்கள். இது மறைமுகப் பாகுபாடு என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தகுதியைத் தளர்த்தச் சொல்லவில்லை நான். காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்த வேலைக்குத் தேவை என்றால், அந்த எடையைத் தூக்கி ஓடச் சொல்லுங்கள். முடியாதவர் ஆணானாலும் பெண்ணானாலும் வெளியே போகட்டும். ராணுவச் சட்டப் பிரிவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று என்று பிரித்து வைத்ததால், தேர்வான ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண் வெளியே நின்றார். 2025 ஆகஸ்டில் அந்தப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பானது. அங்கே தகுதியைத் தளர்த்தியது யார்?

இன்னொரு பக்கமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சேர விடாதது ஒரு அநியாயம் என்றால், சிலரை மட்டுமே சாக அனுப்புவதும் அநியாயம்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-ம் ஆண்டுச் சட்டப்படி 300 டாலர் கட்டினால் கட்டாயச் சேவையிலிருந்து தப்பிக்கலாம். பணமில்லாதவன் போனான். ஆபத்தைப் பங்குபோடுவதிலும் ஒரே கணக்கு வேண்டும்.

சரி, உங்கள் அண்ணன் மகள் விஷயம். 2021-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால்தான் பெண்கள் என்.டி.ஏ. தேர்வு எழுத முடிந்தது. பெண்களின் முதல் அணி, 17 பேர், 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளியே வந்தது. அவள் ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தால் காலாட்படையும் டாங்கிகள் கொண்ட கவசப்படையும் இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை. அதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும். பீரங்கிப்படை 2023-ல் திறந்தது. கடற்படை, விமானப்படை என்றால் ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். எழுத்துத் தேர்வைத் தாண்டினால் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் நேர்காணல், அப்புறம் மருத்துவப் பரிசோதனை. அவள் தேறுவாளா மாட்டாளா என்பதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். அண்ணனிடம் நீங்கள் கேட்க வேண்டியது அனுமதி மட்டுமல்ல. ஓட்டம், தடை தாண்டுதல், நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?