ஊட்டியில் பழைய பென்ஸ் எஸ்எல்கே வாங்கினால் கட்டுப்படியாகுமா?

கேட்டவர் சொல்லும் நிலைமை இது: 2006 மாடல் எஸ்எல்கே 200, குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் அதிகம் ஓடாமல் நின்ற வண்டி. சுவிட்சை இழுத்தால் தானாக மடங்கி டிக்கிக்குள் போக வேண்டிய கூரை சில நாள் அசையவே மாட்டேன் என்கிறது, சில நாள் பாதி தூக்கி நின்றுவிடுகிறது. "கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் போச்சு, 1.8 லட்சம் ஆகும்" என்று கராஜில் சொல்லியிருக்கிறார்கள்.

செத்த பம்ப் பாதி தூரம்கூடத் தூக்காது. தேய்ந்த பம்பும் பாதியில் நிற்கும் என்று யாராவது கமெண்டில் வருவார்கள். வாஸ்தவம்தான், ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். முதலில் பேட்டரி. குளிரில் வாரக்கணக்கில் நின்ற பேட்டரி, வண்டியை ஸ்டார்ட் செய்துவிடும், கூரை மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் விழும், கன்ட்ரோல் யூனிட் பாதியிலேயே நிறுத்திவிடும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரியைச் சரி செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். சோதிக்கும்போதும் இன்ஜினை ஓட விட்டுச் சோதியுங்கள்.

அடுத்தது டிக்கிக்குள் இருக்கும் தடுப்பு. கூரை மடங்கி வந்து உட்காரும் இடத்தையும் சாமான் வைக்கும் இடத்தையும் பிரிக்க இழுத்து மாட்டும் திரை அது. இரண்டு பக்கமும் சரியாக மாட்டி உட்காராவிட்டால் கூரை அசையாது. இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் இதை வைத்தே பில் போடுகிறவர்கள் உண்டு.

அதுவும் சரியாக இருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு சுவிட்சை இழுங்கள். மோட்டார் சத்தமே வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் மைக்ரோ சுவிட்ச் அல்லது ஒயர். டிக்கி மூடியின் கீல் அருகே ஒயர்க் கட்டு ஒவ்வொரு தடவையும் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்துபோகும், மேலுறை மட்டும் முழுசாகத் தெரியும். ஒயரை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தால் அறுந்தது ரப்பர் போல நீளும். வளைந்துகொடுக்கும் சிலிக்கான் உறை ஒயர் போட்டுச் சால்டர் செய்ய 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் முடியும். சத்தம் வந்து கூரை மட்டும் சோம்பினால் ஹைட்ராலிக் ஆயில் குறைவு. லைனிங்கைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெய்க் கறை காட்டிக்கொடுக்கும். கசியும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குச் சீல் மட்டும் மாற்றலாம், ஒன்றுக்கு 8,000 முதல் 15,000 வரை. இதில் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவிடாதீர்கள். சிஸ்டத்தில் இருக்கிற எல்லாச் சீலையும் ஊதவைத்துவிடும், அப்புறம் உண்மையிலேயே லட்சக்கணக்கில் ஆகும். (இங்கே சொல்லும் ரூபாய் எல்லாம் கோவை வெளி கராஜ்களின் உத்தேசக் கணக்கு. ஷோரூமில் இதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம்.)

இவ்வளவு கோளாறுக்கும் நம்மூரில் மூல காரணம் தண்ணீர். கற்பூர மர இலை, சில்வர் ஓக் இலை, சைப்ரஸ் துகள் எல்லாம் கூரை இடுக்கில் இறங்கி, மழையில் ஊறிச் சேறாகி, வடிகால் துளையை அடைக்கும். தண்ணீர் டிக்கியின் தாழ்வான பக்கம் தேங்கும். மின்சாமான்கள் இருப்பதும் அங்கேதான். டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசலாம். துளையைச் சுத்தம் செய்ய, முதலில் வாக்குவம் போட்டு இலையை எடுத்துவிட்டு, புல்வெட்டும் மெஷினின் 2 மி.மீ. நைலான் இழையை மெதுவாக விட்டு ஆட்ட வேண்டும். கம்ப்ரெஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் இணைப்பு கழன்றுவிடும். பிறகு அரை மக் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். மே கடைசியில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு தடவை. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

கூரை பிடிவாதம் பிடித்தாலும் வண்டி ஓடும். பணத்தை விழுங்குவது இன்ஜினும் கியர்பாக்ஸும். இந்த வண்டியில் இருக்கும் எம்271 இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் மெல்லியது. செயின் நீளும், அது ஓடும் பல்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேயும். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடி கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் சேர்த்து 80,000 முதல் 1.5 லட்சம் வரை ஆகும். தள்ளிப்போட்டால் செயின் பல் தாண்டி வால்வு வளையும். வால்வு நேரத்தை மாற்றும் மின்காந்தமான கேம் மேக்னெட்டில் கசியும் எண்ணெய் ஒயர் வழியாகவே ஏறி இன்ஜின் கம்ப்யூட்டர் வரை போகும். எண்ணெய் ஏறாமல் இடையில் மாட்ட ஒரு சின்ன ஒயர்த் துண்டு விற்கிறது, சில ஆயிரம்தான், வாங்கின அன்றே மாட்டிவிடுங்கள்.

ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கிலும் இதே நோய். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் 13 பின் சாக்கெட் இருக்கிறது. அதன் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து கசிய, எண்ணெய் ஒயரில் ஏறி கியர் கன்ட்ரோல் யூனிட்டை நனைக்கும். வண்டி இரண்டாம் கியரிலேயே பூட்டிக்கொள்ளும். குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு ஏற்றத்தில் எப்படியும் இரண்டாம் கியர்தான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை, மேட்டுப்பாளையம் சமவெளியில்தான் குட்டு வெளிப்படும். அதனால் மலையில் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். சாக்கெட் சில ஆயிரம். உள்ளே சென்சார்கள் பதித்த கண்டக்டர் பிளேட்டும் போயிருந்தால் 20,000 முதல் 35,000 கூடும். கியர்பாக்ஸ் ஆயில் அளவை 80 டிகிரி சூட்டில், சமதளத்தில் நிறுத்தி, தனி அளவுகோல் விட்டுப் பார்க்க வேண்டும். ஊட்டியில் சமதளம் எங்கே என்று கேட்காதீர்கள், லிஃப்ட் இருக்கும் கராஜாகத் தேடுங்கள்.

கூலன்ட் விஷயம் சின்னதுதான். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கூலன்ட் டேங்க் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் கக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை இருந்தால் டிசம்பர் உறைபனிக்கும் ஆச்சு. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இந்த ஈரத்தில் தண்ணீர் இழுத்த ஆயில், இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும்.

நீங்கள் கேட்காத ஒரு செலவும் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006 வண்டிக்கு 15 வருடம் 2021-லேயே முடிந்து, ஐந்து வருடத்துக்கு ஆர்சி புதுப்பித்திருப்பார்கள். அடுத்தது 2026. இறக்குமதி காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 40,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 20 வருடம் தாண்டியதற்கு 80,000. உள்ளூர்த் தயாரிப்புக்கு அதே வயதில் 10,000. எந்நேரமும் புகை கக்கிக்கொண்டு ஏறுகிற ஒரு டீசல் வண்டியைவிட, மாதம் இரண்டு நாள் வெளியே வரும் பெட்ரோல் கார் எட்டு மடங்கு பாவம் செய்ததா? வசதி இருக்கிறவன் கட்டட்டும் என்பீர்கள். பழைய வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எஸ்டேட் முதலாளிகள் இல்லை. ஆர்சியில் இறக்குமதி என்று பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

பார்க்கப் போகும்போது, அந்தச் செயின் சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் கேட்கும் என்பதால், விற்பவரிடம் முந்தின ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். பானெட் சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, மறுநாள் காலை வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.