நிரல் எழுதும் பிழைப்பும் மாலைப் பொழுதும்: கேள்வி பதில்

பதினெட்டு ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். முதல் பாதி சென்னையில், மறுபாதி கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி இறுதியாண்டு மாணவர், திருப்பாதிரிப்புலியூர்): அக்கா, வேலைக்குப் போக ஜாவா படிப்பதா, பைத்தான் படிப்பதா?

தம்பி, பைத்தான் 1991-லும் ஜாவா 1995-லும் வெளிவந்தவை. இரண்டுமே இன்றும் சோறு போடுகின்றன. ஏதேனும் ஒன்றைப் பிடித்து ஓராண்டு விடாமல் எழுதுங்கள். தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் இரண்டையும் கூடவே பழகிக்கொள்ளுங்கள். பிறகு, கண்ணெதிரே இருக்கும் ஒருவருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்து பாருங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதும் உறவினர் ஒருவருக்காக நான் சிறு செயலி ஒன்று எழுதினேன். விலை தவறாகப் பதிவானால் மாற்றிக்கொள்ள அதில் வசதி செய்திருந்தேன். அவரோ, மாற்றிவிட்டால் பழைய விலை எங்கே போயிற்று என்று படகுக்காரர் கேட்பாரே என்றார். அவருடைய நோட்டில் தவறான வரியை, அடித்தது தெரியும்படி அடித்துவிட்டு, கீழே புதிய வரி எழுதுவதே வழக்கம். கணக்கு மென்பொருள்களில் பதிவை அழிக்காமல், தவறை ஈடுகட்டும் எதிர்ப்பதிவு இடுவது ஏன் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நேர்காணலில் இப்படி ஓர் அனுபவத்தைச் சொல்லத் தெரிந்தவரை, பத்துச் சான்றிதழ்களை நீட்டுபவருக்கு முன்னதாகவே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): நியூயார்க் குழுவோடு வேலை. இரவு பதினொன்று வரை கூட்டங்கள் நடக்கின்றன. குழந்தை தூங்கிய பிறகுதான் அறையை விட்டு வெளியே வருகிறேன்.

அங்கே காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30, மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதே காரணம். அவர்களுடைய முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாக் கூட்டங்களையும் அடக்கிவிட்டு, மீதியை எழுத்தில் பேசிக்கொள்ளலாம் என்று கேளுங்கள். நான் கேட்கத் தயங்கியே மூன்று ஆண்டுகளைக் கழித்தேன். கேட்டபோது, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றார் என் மேலாளர். மாலை போனாலும் காலை உங்களுடையது: வாகனம் விடாத கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் குழந்தையோடு நடப்பதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

கேள்வி (நெல்லிக்குப்பம், வயது 38): மேலாளர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். மறுத்தால் வளர்ச்சி நின்றுவிடுமா?

உங்கள் நிறுவனத்தில் நிரலாளராகவே மேலே செல்லும் தனிப்படி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நான் அந்தப் பொறுப்பை இரண்டாண்டு பார்த்தேன். விடுப்புப் பட்டியலும் மதிப்பீட்டுப் படிவங்களுமாக நாள் கழிந்ததால் திரும்பிவிட்டேன். ஆனால், பிறரை வளர்த்துவிடுவதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டென்றால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு தாய், பண்ருட்டி): மகன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். பெண் வீட்டார் நம்ப மறுக்கிறார்கள்.

சம்பளச் சீட்டையும் வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கையும் காட்டுங்கள், அம்மா. அவர்கள் வரும் நாளில் தம்பியைக் கைலியோடு கணினி முன் உட்கார வைக்க வேண்டாம்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): புயல் காலத்தில் இங்கிருந்து எப்படி வேலை செய்கிறீர்கள்?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபின், நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால், இன்வெர்ட்டரும் இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகளும் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் என்று மட்டுமே குழுவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எச்சரிக்கை வந்த அன்றே, அரைகுறையாக இருந்தாலும் எழுதிய நிரலைத் தனிக் கிளையில் (முதன்மை நிரலைத் தொடாத தனிப் பிரதியில்) சேமித்து அனுப்பிவிட்டு, யார் எதைத் தொடரலாம் என்று நான்கு வரி எழுதிவைப்பேன். அதன்பின் மடிக்கணினியை மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றவும், கொல்லையில் முருங்கைக் கிளைகளைக் கழிக்கவும் போய்விடுவேன்.