கேளுங்கள், சொல்கிறேன்: சங்கீத அறைச் சுவரில் என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுச் சங்கீதத்துக்கென்று ஒரு பழைய வகுப்பறையைத் தந்திருக்கிறார்கள். அரைச்சுவர், தகரக் கூரை. கடையில் வாங்கி ஒட்டக் காசில்லை, பிள்ளைகளோடு சேர்ந்து கையாலேயே ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கிறேன். எதிலே தொடங்குவது? சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) படம் கட்டாயம் வேண்டுமா?
– ஆசிரியை ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: காசில்லாதது ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று ரீச்சர். கடையில் விற்கிற வாத்தியப் படத்தை ஒட்டினால் பிள்ளைகள் முதல் நாள் பார்ப்பார்கள், பிறகு அது சுவரில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றுகூட ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். சுவரில் இருப்பதை வைத்து நீங்கள் பாடம் நடத்த வேண்டும், பிள்ளை எழும்பிப் போய் அதைத் தொட வேண்டும். அந்த வேலைக்கு உதவாதது எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம்.

எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் தொடங்குங்கள். எட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பிரிஸ்டல் போட்டில் கையை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கீறி வெட்டுங்கள். முதல் கை தட்டு. அடுத்த மூன்று கைகளில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுகிற விரலுக்கு மட்டும் நிறம் தீட்டினால் லகு என்கிற முதல் பகுதி முடிந்தது. மிச்சம் நாலும் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு; ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்தால் ஒரு துருதம், ஆக இரண்டு துருதம். வீச்சுக் கையில் உள்ளங்கை ரேகையைக் கீறிவிட்டால் திருப்பிய கை என்று விளங்கும். ஒவ்வொரு கைக்குக் கீழேயும் அந்தப் பிள்ளையின் பெயர். பிறகு பாருங்கள், "ஐந்தாவது தட்டு என்ரை கை" என்று சண்டை பிடித்தே தாளம் பாடமாகிவிடும்.

அடுத்தது சுர ஏணி. எல்லோரும் ச ரி க ம-வுக்கு ஒரே அளவில் எட்டுப் படி கீறுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தானே தொடங்குகிறோம், அதில் படிகள் ஒரே அளவில் இல்லையே. சட்ஜம் என்கிற ச-விலிருந்து ரி ஒரு தானம் (ஆர்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாம் எண்ணினால் ஒரு கட்டை), ரி-யிலிருந்து க மூன்று, பிறகு ம ஒன்று, ப இரண்டு, த ஒன்று, நி மூன்று, மேல் சட்ஜம் ஒன்று. கூட்டினால் 12. ஒரு தானத்துக்கு 4 அங்குலம் என்று வைத்தால் ஏணி சரியாக 4 அடி. இரண்டு கயிற்றில் பூவரசங் குச்சிகளை அந்த இடைவெளிக்குக் கட்டிக் கூரை வளையிலிருந்து தொங்கவிடுங்கள், மேல் சட்ஜம் உங்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். குச்சி பென்சில் மொத்தத்துக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் ஏறிப் பார்க்க ஒருவன் கட்டாயம் வருவான். விரலை வைத்துக்கொண்டு பாடும்போது ரி பக்கத்திலேயே இருப்பதும் க-வுக்கு எட்டிப் போக வேண்டியிருப்பதும் கைக்கே தெரிந்துவிடும்.

வாத்தியங்களுக்கு நாலு பனையோலைப் பெட்டி போதும்: தோல், துளை, நரம்பு, கஞ்சம் (தாளம், மணி போன்ற உலோக வாத்தியங்கள்). தாங்கள் நேரில் கேட்ட வாத்தியத்தைப் பிள்ளைகளே கீறிப் பெட்டிக்குள் போடட்டும். கோயிலில் கேட்ட தவில், நாதஸ்வரம், சேமக்கலம், கோவலன் கூத்தில் பார்த்த மத்தளம், தேவாலயத்து ஆர்மோனியம், எது வந்தாலும் சரி. பால்மாப் பேணியின் வாயில் பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்துக் கட்டி ஒரு மேளமும் செய்யுங்கள். ரப்பர் கட்டியதைத் தோல் பெட்டியில் போடலாமா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், அவர்கள் வாதாடட்டும்.

மும்மூர்த்திகள் படம் கட்டாயமில்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு படம் வைக்கத்தான் வேண்டுமென்றால் நம்முடைய தவில் மேதை தெட்சணாமூர்த்தியை அந்தத் தோல் பெட்டிக்கு மேலே வையுங்கள்.

அரைச்சுவர் என்கிறீர்கள், அதனால் மாரியில் சாரல் அடிக்கும், கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி. சுவரில் ஒட்டுவதை விட தூண்களுக்கிடையில் நைலோன் கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பில் மாட்டுவது நல்லது, மழை இருட்டினால் ஐந்து நிமிடத்தில் கழற்றி அலுமாரிக்குள் வைக்கலாம். கோதுமை மாப் பசை மலிவுதான், ஆனால் கரப்பானும் எலியும் தேடி வரும். காட்போட் எதையும் நிலத்தில் சாய்த்து வைக்காதீர்கள், கறையான் விடாது. குருத்தோலைத் தோரணம் ஒருநாள் விழாவுக்குச் சரி. நாள்கணக்கில் தொங்க வேண்டுமானால் காயவைத்துச் சாயம் போட்ட சார்வோலையில் செய்யுங்கள்.

கேள்வி: வகுப்பில் போத்தல்களுக்குள் தண்ணீர் விட்டுச் சுர வரிசை செய்து வைத்தோம். தட்டினால் தண்ணீர் கூடிய போத்தலில் சுருதி இறங்குகிறது, வாயால் ஊதினால் அதே போத்தலில் ஏறுகிறது! எது பிழை?
– மாங்குளம் வாசகர்

பதில்: ஒன்றும் பிழையில்லை. தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன, தண்ணீர் கூடினால் பாரம் கூடும், சுருதி இறங்கும். ஊதும்போது அதிர்வது தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று; தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைவதால் சுருதியும் ஏறும். இரண்டையும் படமாகக் கீறிப் போத்தல்களுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள், ஆனால் முதலில் பிள்ளைகள் தட்டியும் ஊதியும் பார்க்கட்டும். இன்னொன்று, பாடம் முடிந்ததும் தண்ணீரை ஊற்றிப் போத்தலைக் கவிழ்த்து வைக்க வேண்டும். டெங்கு நுளம்பு பெருக ஒரு கிழமை தேங்கிய தண்ணீரே போதும். தண்ணீர் மட்டத்தை நெயில் பொலிஷால் வெளியே கோடு போட்டு வைத்தால் அடுத்த பாடத்துக்குத் திரும்பச் சுருதி சேர்க்க நேரம் போகாது.