வாசகர் கேள்வி - பதில்: நாள் முழுக்க கேம் ஷோ

மகள் வீட்டுக்கு டல்லாஸ் போயிருந்தேன். அங்கே ஒரு சேனலில் விடிந்ததிலிருந்து ராத்திரி வரை போட்டி நிகழ்ச்சிதான், செய்தி கிடையாது, சீரியல் கிடையாது. எப்படிக் கட்டுப்படியாகிறது?
- வாசகி, கும்பகோணம்

நீங்கள் பார்த்தது கேம் ஷோ நெட்வொர்க்காகத்தான் இருக்கும், திரையின் மூலையில் ஜிஎஸ்என் என்று போட்டிருப்பார்கள். 1994 டிசம்பர் 1-ல் ஆரம்பித்தது, பின்னால் இருந்தது சோனி. கட்டுப்படியாவதில் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்', 'ஜெப்பர்டி' என்ற இரண்டு போட்டி நிகழ்ச்சிகளையும் தயாரித்த மெர்வ் கிரிஃபினின் கம்பெனியை 1986-ல் கோகோ கோலா வாங்கியது (ஆமாம், சோடா கம்பெனிதான், அப்போது கொலம்பியா பிக்சர்ஸும் அவர்கள் கையில் இருந்தது), 1989-ல் கொலம்பியாவை சோனி வாங்கியபோது கிடங்கில் இருந்த பழைய டேப்புகளும் கூடவே வந்துவிட்டன. சும்மா கிடக்கிற டேப்பை ஓட்டி விளம்பரம் பிடித்தால் வந்தவரை லாபம்தானே. கேபிள் கம்பெனிகள் சந்தாதாரர் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது தனி. புதிதாக எடுத்தாலும் ஒரே செட்டில் ஒரே நாளில் நாலைந்து எபிசோட் முடித்துவிடலாம்.

ஆனால் டேப் அடுத்தவருடையது என்றால் ஆபத்து. மார்க் குட்சன் என்ற தயாரிப்பாளரின் கம்பெனி எடுத்த நிகழ்ச்சிகளுக்கான உரிமை 1997 கடைசியில் முடிந்துபோய், மறுவருடம்தான் திரும்பக் கிடைத்தது. சேனலின் ரசிகர்கள் அந்த மாதங்களை இன்றும் 'இருண்ட காலம்' என்கிறார்கள். கொஞ்சம் ஓவர்தான்.

1950-களின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகூட அந்தச் சேனலில் வந்ததாம், 1960-களின் 'ஜெப்பர்டி' மட்டும் ஏன் வரவில்லை?
- வாசகர், சேலம்

அழித்துவிட்டார்கள் ஐயா! அந்தக் காலத்து இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம், பகல் நேர நிகழ்ச்சியை யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள் என்று அதே டேப்பின் மேல் வேறு எதையாவது பதிந்துவிடுவார்கள். ஆர்ட் ஃபிளெமிங் 1964 முதல் 1975 வரை நடத்திய 'ஜெப்பர்டி'யில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். அதைவிடப் பழைய 'வாட்ஸ் மை லைன்' பெரும்பாலும் பிழைத்தது, காரணம் டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்திருந்தார்கள். ஆக, இந்தச் சேனலில் நாம் பார்க்கிற பழசு எல்லாம் சிறந்தது என்று தேர்ந்தெடுத்தது இல்லை, தப்பிப் பிழைத்தது.

மைக்கேல் லார்சன் என்பவர் கேம் ஷோவில் மோசடி செய்தார் என்கிறார்களே?
- வாசகர், திருநெல்வேலி

மோசடி என்று நான் சொல்லமாட்டேன். 1984, சிபிஎஸ் டிவி, 'ப்ரஸ் யுவர் லக்'. 18 கட்டங்களில் விளக்கு தாறுமாறாக ஓடுவது மாதிரித் தெரியும், நாம் பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும். உண்மையில் அது ஓடியது ஐந்தே ஐந்து வரிசையில், அதை ஒஹையோக்காரரான இந்த மனிதர் வீட்டில் விசிஆரில் பதிந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் 1,10,237 டாலர் அடித்தார். சேனல்காரர்கள் விதிமுறையைப் புரட்டிப் பார்த்தார்கள், கவனமாகப் பார்க்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அந்த எபிசோடுகளைப் பல வருடம் சிபிஎஸ் வெளியே விடவே இல்லை. 2003-ல் ஜிஎஸ்என் ஒரு ஆவணப்படமாக எடுத்துக் காட்டியபோது நல்ல கூட்டம்.

நிஜ மோசடி 1950-களில் நடந்தது. 'ட்வென்ட்டி ஒன்' நிகழ்ச்சியில் தயாரிப்பாளர்களே சார்ல்ஸ் வான் டோரன் என்ற போட்டியாளருக்கு முன்கூட்டியே பதில் கொடுத்தார்கள். விவகாரம் அமெரிக்க காங்கிரஸ் விசாரணை வரை போய், 1960-ல் அதைக் குற்றமாக்கிச் சட்டமே வந்தது.

ஜெயிக்கிற பணம் முழுதாகக் கைக்கு வருமா?
- வாசகர், ஈரோடு

வராது. அங்கே பரிசும் வருமானம்தான். கார் ஜெயித்தால் அதன் விலைக்கு வரி, அதையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும், அதனால் பரிசே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம்ம ஊரில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

இப்போதும் அந்தச் சேனல் நன்றாக இருக்கிறதா?
- வாசகி, கோவை

ஓடுகிறது. 2004-ல் ஜிஎஸ்என் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு போக்கர், பிளாக்ஜாக் என்று சீட்டாட்டத்துக்கெல்லாம் போனார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. 2019-ல் ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனியிடம் இருந்த 42 சதவீதப் பங்கை சோனி வாங்கியது. இப்போது எப்போது போட்டாலும் ஸ்டீவ் ஹார்வி நடத்தும் 'ஃபேமிலி ஃபியூட்'தான்.

அந்த 'ஃபேமிலி ஃபியூடு'க்குக் கூப்பிட்டால் போவீர்களா?
- வாசகர், பாண்டிச்சேரி

அங்கே சரியான பதிலுக்கு மார்க் கிடையாது. 100 பேரிடம் கேட்டபோது அதிகம் பேர் என்ன சொன்னார்களோ அதற்குத்தான். பத்திரிகையில் பதில் எழுதுகிறவன் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவான்.