அபராதமா, கட்டணமா, ஏமாற்று வேலையா?

வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டில் வண்டி ஓட்டுபவர்களுக்கு வரும் அபராதச் சீட்டுகள்

தோல் வியாபாரமாக இத்தாலியில் சான்ட்டா குரோச்சே போயிருந்தோம். வாடகைக் கார். ஒரு நாள் மாலை பக்கத்து ஊரின் பழைய கடைத்தெருப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். யாரும் எங்களை நிறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கார் கம்பெனி கார்டிலிருந்து 45 யூரோ எடுத்துக்கொண்டது. இப்போது அந்த ஊர் நகராட்சியின் பெயரில் பதிவுத் தபால் வந்து இன்னொரு தொகை கேட்கிறது. ஒரே தப்புக்கு இரண்டு முறை பணமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

இரண்டும் வேறு வேறு பணம். கார் கம்பெனி எடுத்த 45 யூரோ அபராதம் அல்ல. போலீஸ் கேட்டபோது உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்ததற்கான கூலி. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் அது இருக்கும். இல்லையென்றால் மட்டும் வங்கியில் 'டிஸ்ப்யூட்' போடலாம். அபராதம் என்பது தபாலில் வந்திருப்பதுதான்.

நடந்தது இதுவாக இருக்க வேண்டும். ஃப்ளாரன்ஸ், பீசா, ரோம் போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதி 'இசட்.டி.எல்.' எனப்படும் வெளியார் வண்டிக்குத் தடையான வட்டாரம். தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்க வேண்டியதில்லை. நுழைவாயிலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை, மேலே ஒரு கேமரா, பக்கத்தில் மின் எழுத்துப் பலகை, அவ்வளவுதான். அந்தப் பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். எழுத்தின் நிறத்தை வைத்து அர்த்தம் தேடாதீர்கள். 'நோன் அத்திவோ' என்று இருந்தால்தான் போகலாம். 'அத்திவோ' என்றால் 'திறந்திருக்கிறது' என்று நினைத்து உள்ளே போகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கூகுள் வரைபடம் சொன்ன வழியில்தான் போனேன் என்ற சமாதானம் அங்கே செல்லாது.

கடிதம் உண்மையானதா என்று பார்க்க, 'வெர்பாலே' எனப்படும் குற்றப் பதிவின் எண், காரின் நம்பர், நுழைவாயிலின் பெயர், தேதி, நிமிடம் வரை நேரம், சாலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் படத்தைப் பார்க்க ஒரு கடவு எண்ணும் கொடுத்திருப்பார்கள். கடிதத்தில் அச்சிட்ட இணைய முகவரியை அப்படியே தட்டாமல் அந்த நகராட்சியின் தளத்தை நீங்களே தேடிப் போய், எண்ணைப் போட்டுப் படத்தைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள கார் நம்பரும், நீங்கள் அங்கே இருந்த நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. இதில்தான் பணம் போகிறது. இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் 83 யூரோ. கடிதம் கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி, அதாவது 58 யூரோ 10 சென்ட். 60 நாள் வரை 83. அதைத் தாண்டினால் 166. எல்லாவற்றுக்கும் மேலே தபால் செலவு தனி. ஆகவே தபால்காரரிடம் கையெழுத்துப் போட்ட தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். இங்கிருந்து யூரோ அனுப்ப வங்கிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பதையும் அந்த 5 நாளில் கணக்குச் சேருங்கள். பணம் போய்ச் சேரும்போது நடுவில் உள்ள வங்கி கமிஷன் பிடித்து ஒரு யூரோ குறைந்தாலும் முழுத் தொகை கட்டவில்லை என்று மறுபடி கடிதம் வரும். செலவு முழுவதும் அனுப்புபவருக்கே என்று வங்கியில் சொல்லி அனுப்புங்கள்.

மறுக்கக் காரணம் இருந்தால் இரண்டு வழி உண்டு. மாவட்ட அதிகாரியான 'ப்ரெஃபெத்தோ'விடம் 60 நாளுக்குள் மனு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் தோற்றால் அபராதம் இரட்டிப்பாகும். அல்லது சிறு வழக்குகளைப் பார்க்கும் நீதிபதியிடம், வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால் 60 நாளுக்குள், 43 யூரோ கட்டணத்தோடு போகலாம். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு 360 நாளுக்குள் தபால் சேர வேண்டும் என்பது சட்டம். கார் கம்பெனி உங்கள் பெயரைச் சொன்ன நாளிலிருந்துதான் அது எண்ணப்படும் என்று அவர்கள் வாதிடுவார்கள். உங்களுக்கு வந்த கடிதம் அதற்குள் வந்திருக்கும் போலத் தெரிகிறது. படம் பொருந்தினால் 58 யூரோவைக் கட்டிவிட்டு விடுவது லாபம். கட்டாமல் விட்டால் ஐந்து வருடம் வரை வசூல் கம்பெனிகள் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கும். இது குற்ற வழக்கு அல்ல, நிர்வாக அபராதம் மட்டுமே.

அடுத்த முறை போகும்போது, தங்கும் ஓட்டல் அந்த வட்டாரத்துக்குள் இருந்தால், போய் இறங்கியதும் கார் நம்பரைப் பதியச் சொல்லுங்கள். மிலான் நகர நடுவில் 'ஏரியா சி' என்பது வேறு ஏற்பாடு. அங்கே பெரும்பாலான கார்களுக்குத் தடை இல்லை, 7.50 யூரோ கட்டணம். மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை.

தம்பி சவுதியில் வீட்டு டிரைவர். 'முஹாலஃபா (போக்குவரத்து அபராதம்) வந்திருக்கிறது' என்று மூன்று மாதமாகக் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) சம்பளத்தில் பிடிக்கிறார். தம்பியிடம் எந்தச் சீட்டும் இல்லை.
– ஒரு வாசகி, பேரணாம்பட்டு

சீட்டு இருக்காது. சாலையிலுள்ள 'சாஹிர்' தானியங்கிக் கேமரா எடுப்பதெல்லாம் கணினியில்தான் ஏறும். ஆகவே முதல் வேலை, தம்பி தன் இக்காமா (குடியிருப்பு அட்டை) எண்ணில் சவுதி அரசின் 'அப்ஷர்' செயலியில் நுழைந்து போக்குவரத்துப் பகுதியில் பார்ப்பது. ஒவ்வொரு முஹாலஃபாவுக்கும் தனி எண், தேதி, நேரம், இடம், தொகை எல்லாம் இருக்கும். அப்ஷர் கணக்கு அவர் பெயரிலுள்ள சிம்மோடு இணைந்திருக்க வேண்டும். கஃபீல் வாங்கிக் கொடுத்த சிம்மில் ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றட்டும். கணக்கும் கடவுச்சொல்லும் கஃபீலிடம் இருக்கிறது என்றால் அது இன்னும் பெரிய ஆபத்து.

அங்கே ஒன்றும் இல்லையென்றால், வண்டி உரிமையாளரான கஃபீலின் பெயரில் ஏறியிருக்கலாம். வண்டியை உண்மையில் ஓட்டுபவர் இவர் என்று அப்ஷரில் பதிந்திருந்தால் டிரைவர் பெயருக்கே வரும். பதியாவிட்டால் உரிமையாளருக்குப் போகும். அப்போது தம்பி கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'முஹாலஃபா எண்ணைக் காட்டுங்கள்.' சண்டை வேண்டாம். போனில் ஒரு படம் போதும். அந்தத் தேதியில், அந்த நேரத்தில் வண்டி இவர் கையில் இருந்ததா என்று பார்க்கட்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட நேரம், மார்க்கெட் போன நேரம் என்று தினமும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதும் பழக்கமுள்ள டிரைவருக்கு இந்த இடத்தில் அது சாட்சியாக நிற்கும்.

அப்புறம், எல்லா முஹாலஃபாவும் டிரைவர் தலையில் விழுவது நியாயமில்லை. இஸ்திமாரா (வண்டிப் பதிவு அட்டை) காலாவதி, ஃபஹ்ஸ் (வண்டிப் பரிசோதனை) செய்யாதது, இன்ஷூரன்ஸ் இல்லாதது, இவை உரிமையாளர் செய்ய வேண்டிய வேலைகள். சிக்னல் தாண்டியது, போன் பேசியது, பெல்ட் போடாதது டிரைவருடையது. தொகையை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெல்ட்டுக்கு 150 முதல் 300 ரியால், போனுக்கு 500 முதல் 900, சிவப்பு விளக்குக்கு 3,000 முதல் 6,000. மாதாமாதம் பிடித்த தொகையைக் கூட்டிப் பார்த்து எதனோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

தவறாக ஏறியிருந்தால் 30 நாளுக்குள் அப்ஷரிலேயே ஆட்சேபம் போடலாம். அதற்குப் பின் கதவு மூடிவிடும். பணம் கட்டுவது 'சதாத்' என்ற கட்டண முறை மூலம் வங்கிக் கணக்கிலிருந்து மட்டும். யாரிடமும் கையில் கொடுக்க வேண்டாம். பெயரில் பாக்கி இருந்தால் கடைசியில் ஊர் திரும்பும் எக்சிட் விசா அடிக்கும்போது நின்றுவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எண்ணையும் காட்டாமல் பிடித்தமும் தொடர்ந்தால், அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் 19911 எண்ணில் புகார் செய்யலாம். ஊரிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் தம்பியின் பாஸ்போர்ட் எண்ணோடு மனு பதிவது. அது இந்தியத் தூதரகத்துக்குப் போகும். ஒப்பந்த நகலும், மாதாமாதம் வந்த சம்பளத்தின் வங்கி விவரமும் சேர்த்து அனுப்புங்கள். 'அநியாயமாகப் பிடிக்கிறார்' என்று மட்டும் எழுதினால் நகராது.

துபாயில் பலகை வேகத்தைவிட 20 கிலோமீட்டர் கூடப் போகலாம் என்கிறார்கள். மகன் அபுதாபி போனபோது மட்டும் அபராதம் விழுந்துவிட்டது. கேமரா கோளாறா?
– ஒரு வாசகர், மேல்விஷாரம்

கோளாறு இல்லை. துபாயில் பலகையில் 120 என்றால் கேமரா 140-ஐத் தாண்டினால்தான் அடிக்கும். அபுதாபி இந்தச் சலுகையை 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. அங்கே 140 என்று போட்டிருந்தால் 140தான். ஒரே நெடுஞ்சாலையில் எல்லை தாண்டியதும் கணக்கு மாறுவதால் துபாய் பழக்கத்தில் ஓட்டுபவர்கள் மாட்டுவார்கள். 20 கிலோமீட்டர் வரை மீறினால் 300 திர்ஹம், 30 வரை 600. அபுதாபியில் 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும், பெரிய குற்றங்களுக்கு மட்டும் கிடையாது. பாக்கி இருந்தால் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்க முடியாது.

மகள் நர்ஸ், இங்கிலாந்தில் வேலை. கடைவளாகத்தில் கார் நிறுத்தியதற்கு 100 பவுண்டு கேட்டுக் கடிதம். கட்டாவிட்டால் விசாவுக்கு ஆபத்தா?
– ஒரு வாசகி, பாகாயம், வேலூர்

கடிதத்தின் தலைப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்' என்றால் நகராட்சி போட்ட அபராதம். 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்றால் தனியார் கம்பெனி ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் கேட்கும் பணம். சுருக்கினால் இரண்டும் பி.சி.என். குழப்பம் தற்செயலானது என்று நம்பத் தோன்றவில்லை.

கடைவளாகம் என்பதால் தனியாராகத்தான் இருக்கும். அதற்காகக் குப்பையில் போடக் கூடாது. இப்படிப்பட்ட 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2015-இல் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்டுதான் ஆகும். மறுப்பதாக இருந்தால் 28 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். அவர்கள் நிராகரித்தால் எந்தச் சங்க உறுப்பினர் என்பதைப் பொறுத்து 'பாப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம்.

பார்க்க வேண்டியவை: கேமரா மட்டும் பதிவு செய்து, கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் போயிருந்தால், 14 நாளுக்குள் கடிதம் சேர்ந்ததா? சேராவிட்டால் கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரைப் பிடிக்க முடியாது, ஓட்டியவரைத்தான் கேட்கலாம். அதனால் மறுப்புக் கடிதத்தில் 'நான் நிறுத்தினேன்' என்று எழுதாமல், 'கார் என் பெயரில் பதிவாகியிருப்பதால் எழுதுகிறேன்' என்றே தொடங்கட்டும். அடுத்து, இயந்திரத்தில் கார் நம்பரைச் சரியாகத் தட்டினாளா? பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டியிருந்தால், பணம் கட்டிய ரசீதை இணைத்து அனுப்பினால் ரத்து செய்ய வேண்டும் என்பது அவர்கள் துறை விதியே.

விசாவுக்கு இதில் தொடர்பு இல்லை. நீதிமன்றத்திலிருந்து வரும் உறையைப் பிரிக்காமல் போட்டுவிடுவதுதான் ஆபத்து. தீர்ப்பாகி ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் கடன் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும்.

'துபாய் போலீஸ்' பெயரில் எஸ்.எம்.எஸ். வந்தது. இன்றே கட்டாவிட்டால் அபராதம் இரட்டிப்பாம். நான் ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகிறது.
– ஒரு வாசகர், ஆற்காடு

இணைப்பைத் தொடாதீர்கள். 'இன்றே' என்று அவசரப்படுத்துவதும், சிறிய தொகையும் இந்தத் தூண்டிலின் அடையாளம். அவர்கள் தேடுவது 150 திர்ஹம் அல்ல, கார்டு எண்ணும் ஓ.டி.பி.யும். உண்மையில் பாக்கி இருக்கிறதா என்று துபாய் போலீசின் செயலியைப் போனிலுள்ள ஆப் ஸ்டோரிலிருந்து நீங்களே இறக்கி, லைசென்ஸ் எண்ணையோ பழைய கார் நம்பரையோ போட்டுப் பாருங்கள். இங்கே வாட்ஸ்ஆப்பில் 'இ-சலான்' என்று சொல்லி 'ஏ.பி.கே.' கோப்பாக வருவதும் இதே குடும்பம். சலானைச் செயலி கோப்பாக எந்தப் போலீசும் அனுப்பாது. கார்டு விவரம் கொடுத்துவிட்டிருந்தால் முதலில் கார்டை முடக்குங்கள். அடுத்து இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பிறகு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் மிஞ்சும்.

தாய்லாந்து போகிறோம். ஸ்கூட்டர் எடுத்தால் போலீஸ் நிறுத்திக் கையில் பணம் கேட்பார்கள் என்கிறார்களே?
– ஒரு வாசகர், காட்பாடி

முதலில் நிறுத்தக் காரணம் கொடுக்காமல் போங்கள். ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும். இன்டர்நேஷனல் பெர்மிட்டில் மோட்டார் சைக்கிளுக்கான கட்டத்தில் முத்திரை இருக்க வேண்டும். கார் கட்டத்தில் மட்டும் இருந்தால் ஸ்கூட்டருக்குச் செல்லாது. பெர்மிட்டை வேலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே 4ஏ படிவத்தில் வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இணையத்தில் பத்து வருட 'சர்வதேச லைசென்ஸ்' என்று விற்பதெல்லாம் வெறும் அட்டை.

நிறுத்தினால் 'பை சங்' என்று கேளுங்கள். அபராதச் சீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். சீட்டை வாங்கிக்கொண்டு காவல் நிலையத்தில் கட்டி ரசீது பெறுவதே முறை. சீட்டு எழுத மறுத்துப் பணம் மட்டும் கேட்டால் சுற்றுலாப் போலீசின் 1155 எண்ணைச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் நகலும் முன்பணமும் கொடுங்கள். அசல் அவர்கள் கையில் போய்விட்டால், பழைய கீறலுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.