எரிந்ததும் அணையும் ஃபர்னஸ்: போர்டை மாற்றும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

கேள்வி: குளிர்காலத்தில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸுக்கு 14 வயது. ஒரு வாரமாக, பற்றிக்கொண்ட சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. திரும்ப முயல்கிறது, திரும்ப அணைகிறது. வந்து பார்த்த டெக்னீஷியன், "கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, அதற்குச் செலவு செய்வதைவிடப் புது ஃபர்னஸே போட்டுவிடுங்கள்" என்கிறார். எது நியாயமான செலவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையான அந்தப் போர்டுக்கோ புது ஃபர்னஸுக்கோ இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். பற்றிய பிறகு அணைவது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளேம் சென்சாரை.

அது ஏறக்குறைய விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கம்பி. பர்னரின் தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தீயின் வழியாக அந்தக் கம்பியில் மிகமிகச் சிறிய மின்சாரம், சில மைக்ரோஆம்ப் மட்டும், ஓடும். அதை வைத்துத்தான் தீ எரிகிறது என்று போர்டு தெரிந்துகொள்கிறது. நாளாக ஆகக் கம்பியின் மேல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு படிவு படியும். மின்சாரம் குறையும். கண்ணெதிரே நீலமாகத் தீ எரிந்தாலும் போர்டுக்கு அது தெரியாது. எரியாத கேஸ் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில நொடிகளில் வால்வை மூடிவிடும். இப்படிச் சில முறை முயன்று பார்த்துவிட்டு, லாக்அவுட் ஆகிச் சும்மா இருக்கும். அதாவது, உங்கள் போர்டு தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கலாம்.

சரிசெய்வது சின்ன வேலை. பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றி, மெல்லிய எஃகு நாரால் தேய்த்து, துடைத்து, திரும்ப மாட்ட வேண்டியதுதான். கம்பியையே மாற்றினாலும், ஃபர்னஸில் இருக்கும் மிக மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் சென்சார்தான் என்று நானும் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. எர்த் வயர் தளர்ந்திருந்தாலும், சென்சாரின் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலும், கேஸ் அழுத்தம் குறைந்தாலும் இதே அறிகுறி வரும். அதனால் டெக்னீஷியனிடம் விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "சென்சாரில் எத்தனை மைக்ரோஆம்ப் வந்தது? சுத்தம் செய்த பிறகு எத்தனை?" தயாரிப்பாளர் சொல்லும் அளவு வந்தும் போர்டு வால்வை மூடுகிறது என்றால், அப்போது போர்டைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அளந்தே பார்க்கவில்லை என்றால், அவர் சொன்னது ஒரு ஊகம். அந்த ஊகத்துக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பெரும்பாலான மின் பாகங்களுக்கு இப்படி ஒரு அளவு உண்டு. மோட்டாருக்கு உதவும் கெபாசிட்டர் போய்விட்டது என்றால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்கும் மீட்டர் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? தீ மூட்டும் இக்னைட்டர் என்றால் எத்தனை ஓம்? நல்ல டெக்னீஷியன் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், மீட்டரையே உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

அப்புறம் பில். அதில் வந்து பார்த்ததற்கான கட்டணம், பாகத்தின் விலை, வேலைக் கூலி என்று மூன்று இருக்கும். சின்னப் பாகத்துக்குக்கூட பில் பெரிதாக வருவதற்குக் காரணம் முதலும் கடைசியும்தான். பழுதைச் சரிசெய்தால் பார்த்த கட்டணத்தைக் கழிப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் கட்டணம் கூடும். ஒரு இரவைச் சமாளிக்க முடிந்தால் காலையில் கூப்பிடுவது லாபம். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால், குழாயில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இருந்தால், லாபம் பார்க்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

பாகங்களில் சென்சார், கெபாசிட்டர், புகை சரியாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்ச் எல்லாம் செலவில் அடிமட்டம். கேஸ் வால்வு, புகையை வெளியே தள்ளும் இண்டியூசர் மோட்டார், போர்டு ஆகியவை நடுவில். சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் ப்ளோயர் மோட்டாரில் கவனம் வேண்டும்: வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இசிஎம் வகை, பழைய சாதாரண மோட்டாரைவிடப் பல மடங்கு விலை. எல்லாவற்றுக்கும் மேலே, தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதை மாற்ற ஃபர்னஸையே பிரித்துப் போட வேண்டும், கூலி ஏறிவிடும்.

அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் என்று யாராவது சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காற்றில் கலந்துவிடலாம், அது ஆளைக் கொல்லும். ஃபர்னஸை நிறுத்திவிட்டு, விரிசலைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள், இன்னொருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் ஃபர்னஸ் ஓடவே கூடாது என்பது என் கருத்து. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய்விட்டுப் போன் செய்யுங்கள்.

புது ஃபர்னஸ் வாங்குவது பற்றி: கேஸ் ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 வருடம் உழைக்கும். 14 வயது என்பது யோசிக்க ஆரம்பிக்கும் வயது, தூக்கிப் போடும் வயது அல்ல. பழுதுச் செலவு புதிதின் விலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடலாம் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். சென்சாருக்கு அந்தக் கேள்வியே எழாது. போர்டே போயிருந்தாலும், மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் நான் போர்டைத்தான் மாற்றுவேன். எக்ஸ்சேஞ்சர் போனால், வாரண்டி இல்லாத பட்சத்தில், புதிது வாங்குவேன்.

புதியது கேஸை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். 80 சதவீதத் திறனிலிருந்து 95 சதவீதத்துக்குப் போனால், அதே சூட்டுக்கு ஏறக்குறைய 16 சதவீதம் கேஸ் குறையும். ஆனால் அந்த வகைக்குப் புகை போகப் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும், புகை குளிர்ந்து உள்ளே ஊறும் தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும். வாட்டர் ஹீட்டரும் அதே பழைய புகைபோக்கியைப் பயன்படுத்தினால் அதையும் சரிசெய்ய வேண்டி வரலாம். இதெல்லாம் கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாரண்டியை மறந்துவிடாதீர்கள். பாகங்களுக்கு பெரும்பாலும் 10 வருடத்தோடு முடிந்துவிடும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் 20 வருடமோ அதற்கு மேலோ கொடுப்பவர்கள் உண்டு. ஃபர்னஸ் கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும், குறித்து வையுங்கள். கூலி அநேகமாக உங்கள் தலையில்தான்.

அடுத்த டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் ஃபர்னஸின் காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றுங்கள். காற்று அடைபட்டால் ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தும். மோட்டாரும் சீக்கிரம் தேயும். பிறகு கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக, போர்டில் மின்னும் விளக்கு எத்தனை முறை மின்னி நிற்கிறது என்று போனில் வீடியோ எடுங்கள். அந்த எண்ணிக்கை எந்தப் பழுதைக் குறிக்கிறது என்று பல மாடல்களில் கதவின் உட்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். புதிதாக வருபவரிடம் முதலில் அந்த வீடியோவைக் காட்டுங்கள், பழைய டெக்னீஷியன் சொன்னதை, புதியவர் தன் பங்குக்குப் பார்த்து முடித்த பிறகு சொன்னால் போதும்.